பதினேழாவது விளக்கு

வரைபடத்தில் அந்த இடத்தைப் பச்சைப் பென்சிலால்
அவசரமாய்க் கிறுக்கியிருந்தார்கள்.
பக்கத்தில் யாரோ "புதர், அகற்றவும்" என்றெழுத,
மறுகா வேறு மையில் "விடவும்" என்று வந்திருந்தது.
ஆகவே நடைபாதை அந்தக் கண்ணா மரங்களைச் சுற்றி
முழங்கை மாதிரி மடங்கிப் போகிறது.
எனக்கு அதில் விளக்கு வேலை.
கல்லடிப் பாலத்திலிருந்து எண்ணினால் நாற்பத்தியொன்று.

நாற்பது எரிகிறது.

திறந்த அன்று பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் இலவசம்.
அன்னக் கழுத்து வைத்த மிதிபடகுகள் ஆறு,
அதில் ஒன்று போன வேகத்தில் ஆற்றுவாழைக்குள் சிக்கி
ஒரு தகப்பன் வேட்டியோடு இறங்கித் தள்ளினார்.
காத்தான்குடியிலிருந்து வான் பிடித்து வந்த பெண்கள்
சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டி
சீனி வருத்தத்தை வாவியோரம் நடத்திக் கொண்டுபோனார்கள்.

நான் குறை சொல்ல வரவில்லை.
ஆறு மணிக்குப் பிறகு இந்தக் கரையில்
நிற்கவே ஏலாத காலத்தில் வளர்ந்தவன்.
முட்கம்பிக் கட்டங்களுக்குள்ளால்
துண்டு துண்டாய்த்தான் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன்.
முதல் நாள் சுவிட்சைத் தட்டியதும்
நாற்பத்தியொரு வெளிச்சமும் நீளமாய் வாவிக்குள் இறங்கின.
ரஜிந்தினி செருப்பைக் கழற்றிவிட்டு,
கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில்
முதன்முதலாய் இரவுத் தண்ணீரில் கால் வைத்தாள்.
"குளிரேல்ல" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பதினேழு மட்டும் நின்றுவிடும்.
திங்கள் போட்டால் புதன் இராது.
பியூஸைக் காணோம். மூடியின் நான்கு திருகாணியும்
ஒழுங்காய்ப் பூட்டிக் கிடக்கும்.
கள்ளனென்றால் கம்பியையல்லவா இழுத்திருப்பான்.

நாலாவது தடவை காவலிருந்தேன்.
வாயில் டோர்ச்சைக் கவ்விக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார்.
"ஓம், நான்தான்" என்றார், நான் கேட்க முதலே.
பெயர் அருமைத்துரை. சேத்துக்குடா.
"இந்த மடக்குக்குள்ளதான் இறால் குஞ்சு கிடக்கு.
அங்க பாருங்க, நீர்க்காகம்.
லைட்டு வந்த நாள் துவக்கம் நித்திரையில்லாம
கொப்பு மாறி மாறி இருக்குதுகள்.
நாற்பத வைச்சிருங்க. ஒண்ட விடுங்க."
தோணிக்குப் போய் ஒரு டின்னைத் திறந்து
மூன்று பியூஸையும் தந்தார்.
உப்புப் பிடிக்காமல் துணியில் சுற்றியிருந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
பதினேழு, உதிரிப்பாகம் கிடைக்கவில்லை.
மூன்றும் என் சட்டைப் பையில் கிலுங்கின.

ஒரு மாதம் அப்படியே போனது.
பிறகு ஹம்தூனா ஆசிரியையின் கடிதம், கோடு போட்ட தாளில்:
"மடக்கில் இருட்டு. நாங்கள் நாலு பேரும்
அந்த இடத்தில் மட்டும் கைகோத்து ஓடுகிறோம்.
டொக்டர் எங்களை நடக்கத்தான் சொன்னவர்."

இருட்டு ஒன்றுதான்.
குஞ்சுக்கு அது வீடு,
அந்த நாலு பேருக்கு அது வேறு.

எண்ணெய் டின் ஒன்றை நீளவாட்டில் வெட்டி
விளக்கின் வாவிப் பக்கத்துக்கு முக்காடு போட்டேன்.
வெளிச்சம் பாதையில் ஒரு பாய் அளவுக்கு விழுகிறது.
அருமைத்துரை பார்த்துவிட்டு, "ஒழுகுது" என்றார்.
ஆசிரியை பார்த்துவிட்டு, "இது காணாது" என்றார்.
ஆணையாளர் வாகனக் கண்ணாடியை இறக்கி,
"இந்தத் தகரம் எந்தப் பிளானில் இருக்கு?" என்றார்.
இன்னும் பதில் எழுதவில்லை.
மாரி வந்தால் முகத்துவாரம் வெட்டுகிற வரைக்கும்
பாதையே தண்ணிக்குக் கீழேதான்,
அதுவும் எந்தப் பிளானிலும் இல்லை.

நேற்று ஏழரைக்கு டின்னை நிமிர்த்திக் கட்டப் போனேன்.
கண்ணாவின் உட்கொப்பில் நீர்க்காகம் மூன்று,
வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, கழுத்தை மடக்கி.
மூன்று என்றால் கூடவா குறையவா?
முன்பு எத்தனை இருந்ததென்று
ஒருவரும் எண்ணி வைக்கவில்லை.